விறகிலிருந்து உரம்: திவான் சி.பி. இராமசாமி

சி.பி. இராமசாமி ஐயர் 1879ஆம் ஆண்டு வந்தவாசியில் பிறந்தார். சென்னையில் சட்டம் பயின்று பெயர்பெற்ற வழக்கறிஞரானார். அன்னி பெசன்ட் அம்மையாரின் தன்னாட்சி இயக்கத்தில் உழைத்தார். பின்னர்ச் சென்னை மாகாண ஆட்சிக் குழுவில் சட்ட உறுப்பினராக இருந்தபோது, மேட்டூர் அணைக்கும் பைக்காரா நீர்மின் திட்டத்திற்கும் துணைநின்றார். ஆற்றைக் கண்டால் பிறர் பாசனத்தை எண்ணுவர். அவர் மின்சாரத்தையும் சேர்த்தே எண்ணினார்.

1936இல் திருவிதாங்கூரின் திவானானார். எல்லா இந்துக்களுக்கும் கோயில் கதவுகளைத் திறந்த பிரகடனம் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. 1940இல் மூணாற்றுக்கு அருகே, முதிரப்புழை ஆற்று நீரால் பள்ளிவாசல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் அதுவே. அடிமாலியிலிருந்து மூணாற்றுக்கு மலையேறுவோர் இன்றும் பள்ளிவாசலைக் கடந்தே செல்கின்றனர்.

அப்போது உலகப் போர் மூண்டிருந்தது. திருவிதாங்கூர் தன் தேவைக்குப் போதிய நெல்லை விளைவித்ததில்லை. பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அரிசிக் கப்பல்கள் நின்றன. வீடுகளில் பசி புகுந்தது. உள்ள வயலிலேயே விளைச்சலைப் பெருக்க உரம் வேண்டும். உரத்திற்கு நைட்ரஜன் வேண்டும்.

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜனே. ஆயினும் நெற்பயிரால் அதை நேரே உண்ண இயலாது. அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருக்கின்றன. அப்பிணைப்பை உடைத்து, ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கும் வழியை ஜெர்மானியரான ஹேபரும் போஷும் முன்னரே கண்டிருந்தனர். அங்கே ஹைட்ரஜன் பெற நிலக்கரி உதவியது. திருவிதாங்கூரில் நிலக்கரி ஏது? காடு இருந்தது.

எனவே விறகையே மூலப்பொருளாகக் கொள்வதென்று முடிவாயிற்று. திருச்சிராப்பள்ளியின் சேஷசாயி சகோதரர்கள் பொறுப்பேற்க, 1943இல் ஃபாக்ட் என்னும் உர நிறுவனம் உருவாயிற்று. ஆலுவாய்க்கு அருகே, பெரியாற்றங்கரையிலுள்ள ஏலூரில் ஆலை எழுந்தது. விறகை முழுதும் எரியவிடாமல், அளவான காற்றும் நீராவியும் செலுத்திச் சூடேற்றினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதனுடன் மேலும் நீராவி சேர்த்தால் ஹைட்ரஜன் பெருகும். தூய்மையாக்கிய ஹைட்ரஜன் மூன்று பங்கும் நைட்ரஜன் ஒரு பங்குமாகக் கலந்து, மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் இரும்பு வினையூக்கியின்மீது செலுத்தினால் அம்மோனியா பிறக்கும். அதிலிருந்து அம்மோனியம் சல்பேட் உரம் செய்யப்பட்டது. ஆலைக்கு மின்சாரம் பள்ளிவாசலிலிருந்து வந்தது. அங்கே உருளிகளைச் சுழற்றிய முதிரப்புழை நீரும் பெரியாற்றில் கலந்து ஏலூரைத் தேடியே வந்தது!

வெட்டிய மரம் மீண்டும் வளரும். தோண்டிய நிலக்கரி வளராது. அவ்வகையில் விறகு நல்ல தேர்வே. ஆனால் வெட்டும் வேகத்திற்கு மரம் வளர வேண்டுமே! ஓர் ஆலையின் பசிக்குக் காடு எத்தனை நாள் ஈடுகொடுக்கும் என்பதை அந்நாளில் எவரும் போதிய அளவு எண்ணியதாகத் தெரியவில்லை. பின்னாளில் ஆலை விறகைக் கைவிட்டு எண்ணெய்ப் பொருள்களுக்கு மாறியது.

ஆலைகளை எழுப்பிய அதே கை, மக்களின் எதிர்ப்பை அடக்குவதில் கடுமை காட்டியது. 1946இல் ஆலப்புழைக்கு அருகே புன்னப்புரையிலும் வயலாரிலும் போராடிய தொழிலாளர் பலர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். இந்தியாவுடன் சேராமல் திருவிதாங்கூர் தனிநாடாக நிற்கும் என்று திவான் அறிவித்ததை மக்கள் ஏற்கவில்லை. 1947 ஜூலை 25 அன்று, திருவனந்தபுரத்தில் இசை நிகழ்ச்சி ஒன்றின்போது அவர் வெட்டுண்டார். உயிர் பிழைத்தவர், அடுத்த மாதமே பதவி துறந்து வெளியேறினார். அவர் கனவு கண்ட ஏலூர் ஆலை உற்பத்தியைத் தொடங்கியதும் அந்த 1947இலேதான்.

பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற்கும் காசி இந்துப் பல்கலைக்கழகத்திற்கும் துணைவேந்தராகப் பணியாற்றினார். 1966இல் இலண்டனில் காலமானார். அந்தப் பத்தாண்டிலேயே பஞ்சாபின் நங்கல் ஆலை, பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பிரித்து, விறகோ நிலக்கரியோ இன்றி ஹைட்ரஜன் எடுத்து உரம் செய்துகொண்டிருந்தது.