வானாய்ந்த நங்கை கரோலின் ஹெர்ஷெல்

கார்த்திகைத் திங்களின் மாலைப் பொழுதில் கிழக்கு வானில் சிறு கொத்தாக எழுந்து வரும் கார்த்திகை மீன்களை அறியாத தமிழர் இலர். ஒரே முகிலில் ஒரு காலத்தே பிறந்து, கூடியே வானில் செல்லும் இத்தகைய உடன்பிறந்த மீன்களைத் திறந்த விண்மீன் கொத்து என வானநூலார் வழங்குவர். கார்த்திகையைக் காண வெறுங்கண்ணே போதும். ஆயின், தொலைநோக்கியின்றிக் காண இயலாத கொத்துக்கள் மிகப் பல. அவற்றுட் சிலவற்றை முதன்முதலாகக் கண்டு உலகிற்கு உணர்த்தியவர் ஒரு பெண்மணி. அவரும் பிறந்த மண்ணை விட்டுப் பிறமொழி வழங்கும் நாட்டிற் குடியேறி வாழ்ந்தவரே. கரோலின் ஹெர்ஷெல் என்னும் அவ்வம்மையாரின் வரலாற்றை நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு, சிறப்பாக நம் இல்லத்துச் சிறுமியர்க்கு, எடுத்துரைக்க விழைகின்றோம்.

ஜெர்மானிய நாட்டு ஹானோவர் நகரில் 1750-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 16-ஆம் நாள் கரோலின் பிறந்தார். தந்தையார் ஐசக் படைப்பிரிவில் இசைக்கருவி வாசித்துப் பிழைத்தவர். மூன்றாம் அகவையில் கண்ட பெரியம்மை குழந்தையின் முகத்தில் வடுக்களை விட்டுச் சென்றது. பத்தாம் அகவையளவில் வந்த கொடிய காய்ச்சல் உடல் வளர்ச்சியைத் தடுத்தது. அவர் உயரம் 4 அடி 3 அங்குலத்தோடு நின்றுவிட்டது. இனி இப்பெண்ணுக்கு மணம் அமைவது அரிது எனப் பெற்றோர் கருதினர். அன்னையோ, மகள் அடுக்களைக்கும் தையலுக்கும் உரியவள், கல்வி அவளுக்கு வேண்டா என்று உறுதி பூண்டார். தந்தையார் மட்டும் அன்னை அறியாத வேளையில் சிறிது இசை கற்பித்தார். பனி படர்ந்த ஓரிரவில் தெருவிற்கு அழைத்துச் சென்று விண்மீன் மண்டலங்களையும் காட்டினார். 1767-இல் அவரும் மறைந்தார்.

பதினோர் ஆண்டு மூத்தவரான தமையனார் வில்லியம் அந்நாளில் இங்கிலாந்தின் பாத் நகரில் இசையாசிரியராக விளங்கினார். தங்கையின் நிலைக்கு இரங்கிய அவர், 1772-இல் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். வீட்டு வேலைக்கு வேறோர் ஆளை அமர்த்த ஆண்டுதோறும் பணம் தர ஒப்பிய பின்னரே அன்னை மகளை அனுப்ப இசைந்தார். தம் உழைப்புக்கு ஈடு கட்டியே விடுதலை பெற்ற அந்த இருபத்திரண்டு வயது நங்கை, ஆங்கிலம் பேசத் தெரியாமலே ஆங்கில நாட்டில் அடி வைத்தார். வேற்றூரில் கடைத்தெருவிற் பேசச் சொல் கிட்டாது திகைத்த நம் தாய்மார்க்கு அந்நிலையை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

அங்கே அவர் பாடகியாகத் தேர்ந்து அரங்கேறிப் புகழும் பெற்றார். பர்மிங்காம் நகரத்தார் பாட அழைத்தபோது, தமையனார் நடத்தாத அரங்கில் பாடுவதில்லை என மறுத்துவிட்டார். ஆனால் தமையனாரின் உள்ளமோ இசையை விட்டு வானத்தை நாடியது. தொலைநோக்கிக்கான உலோக ஆடிகளை அவரே வார்த்து மெருகிட்டார். ஒருமுறை பதினாறு மணி நேரம் கையெடாது அவர் மெருகிட்டபோது, கரோலின் அருகிருந்து உணவை வாயில் ஊட்டினார். 1781-இல் வில்லியம் யுரேனஸ் கோளைக் கண்டறிந்தார். மறு ஆண்டு அரசர் அவருக்கு ஆண்டொன்றுக்கு 200 பவுன் ஊதியம் வகுத்தார். இசை வாழ்வு முடிவுற்றது. தம் விருப்பத்தைக் கேட்பார் இன்றியே கரோலின் வானாய்வாளராயினார்.

தமையனார் அளித்த சிறு தொலைநோக்கியால் வானைத் துழாவுமாறு அவர் பணிக்கப்பட்டார். 1783 பெப்ருவரி 26-ஆம் நாள் இரவு பெருநாய் மண்டலத்தில், சிரியஸ் மீனுக்குக் கிழக்கே, எப்பட்டியலிலும் இடம்பெறாத ஒரு விண்மீன் கொத்தைக் கண்டார். இன்று என்.ஜி.சி. 2360 என்னும் எண் பெற்று, கரோலின் கொத்து என்றும் வழங்குவது அதுவே. அவ்வாண்டிலேயே காசியோப்பியா மண்டலத்தில் நூற்றுக்கணக்கான மங்கிய மீன்கள் இதழ்களைப் போல் நெருங்கிய மற்றொரு கொத்தையும் கண்டார். அதனைக் கரோலினின் ரோஜா என்று வானன்பர் இந்நாளிற் போற்றுகின்றனர்.

பிரான்சு நாட்டு மெஸ்ஸியே அந்நாளில் வெளியிட்டிருந்த பட்டியலில் இத்தகைய பொருள்கள் நூற்றுச் சொச்சமே இருந்தன. சிறு கருவி கொண்டு தங்கையார் புதியன பல காணவே, வானில் இன்னும் காணப்படாதவை மிகுதி எனத் தமையனார் தெளிந்தார். அவ்வாண்டு அக்டோபர் முதல் 20 அடிப் பெருந் தொலைநோக்கியால் தாமே தேடத் தொடங்கினார். இருபது ஆண்டில் ஏறத்தாழ 2,500 பொருள்களை வகைப்படுத்தினார். ஆனால், அவர் ஏணிமேல் நின்று கூறுவதைக் கடிகாரம் பார்த்து எழுத ஒருவர் வேண்டும் அன்றோ! அப்பணி கரோலின் தலைமேல் விழுந்தது. அவர் தாமாகத் தேடும் இரவுகள் அருகின. தம் கண்டுபிடிப்பே தம் தேடலை நிறுத்தியது என்பது இவ்வரலாற்றின் பெருவியப்பும் பெருந்துயரும் ஆகும்.

எனினும் அவர் சோர்ந்தாரல்லர். 1783-இன் கடைசி இரவில், பனியில் ஓடியபோது இரும்புக் கொக்கியொன்று முழங்காலுக்கு மேலே தசையிற் பாய்ந்தது. அத்தனை வேதனையிலும், அவ்விரவின் எஞ்சிய பொழுது முகில் மூடியிருந்தமையால் தமையனாரின் ஆய்வுக்கு இழப்பில்லை என்று ஆறுதல் கொண்டார். இரவில் எழுதியதைப் பகலில் கணக்கிட்டுப் படியெடுத்தார். பெருக்கல் வாய்பாடு மனத்தில் நில்லாமையால் அதனைத் தாளில் எழுதி உடன் வைத்துக்கொண்டே அத்தனை கணக்கையும் முடித்தார். வாய்பாடு வரவில்லை என்று அழும் சிறார் இதனை நினைவிற் கொள்க.

தமையனார் ஜெர்மனி சென்றிருந்த 1786 ஆகஸ்டு முதல் நாள் இரவில் கரோலின் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். 1797-க்குள் அவர் கண்டவை எட்டு. 1787-இல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் அளித்தார். அறிவியற் பணிக்கென ஊதியம் பெற்ற முதற் பெண்மணி இங்கிலாந்தில் அவரே. 1798-இல் பிளாம்ஸ்டீடின் விண்மீன் பட்டியலை ஒப்பிட்டுத் திருத்தி, விடுபட்ட ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மீன்களைச் சேர்த்து வெளியிட்டார்.

1822-இல் வில்லியம் மறைந்தார். ஐம்பது ஆண்டுக்குப்பின் அம்மையார் ஹானோவர் திரும்பினார். ஊர் மாறியிருந்தது, உறவும் ஒட்டவில்லை. வேறிடத்தில் நெடிது வாழ்ந்தார்க்குப் பிறந்த ஊரே வேற்றூராதல் உண்டு. ஆயினும் மடியில் வேலை இருந்தது. வில்லியம் கண்ட 2,500 பொருள்களையும் வான்மண்டல வரிசைப்படி முறைப்படுத்தித் தமையன் மகன் ஜானுக்கு அனுப்பினார். ஜானின் பட்டியலும், அதனை விரித்து 1888-இல் டிரையர் வெளியிட்ட பட்டியலும் அவ்வுழைப்பின்மேல் எழுந்தவை. என்.ஜி.சி. என்னும் எண்கள் டிரையர் பட்டியலின் எண்களே. 1828-இல் அரச வானியற் கழகம் அம்மையாருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. அதனை மற்றொரு பெண்மணி பெறுவதற்கு 1996 வரை உலகம் காத்திருந்தது. 1848 ஜனவரி 9-ஆம் நாள், 97-ஆம் அகவையில், அம்மையார் இயற்கை எய்தினார்.

தாம் தமையனாரின் கருவியே என்று அவர் தம்மைத் தாழ்த்திக் கூறி வந்தார். அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. தங்கை கண்டவற்றைத் தம் பட்டியலில் அவர் பெயரின் முதலெழுத்துக்களிட்டே வில்லியம் குறித்தார். படியெடுப்பதும் கணக்கிடுவதும் சிறுபணி என எண்ணுவோர், அப்பணியின்றி அப்பட்டியல் எதுவும் இல்லை என்பதை எண்ணுவாராக.

மாசித் திங்களில் முன்னிரவிற் தென்வானத்தில் சிரியஸ் மீன் பேரொளியுடன் விளங்கும். அதன் கிழக்கே சிறு தொலைநோக்கியைத் திருப்பினால், மங்கிய ஒளித்திட்டாக அக்கொத்து தோன்றும். 3,500 ஆண்டுகட்கு முன்னர்ப் புறப்பட்ட ஒளி அது. நம் காலனிச் சிறுமியர் மாடிக்குச் சென்று அதனைத் தேடட்டும். அடுக்களையில் உதவ வேண்டும் என்று அவ்வேளையில் பெற்றோர் அவர்களைக் கீழே அழையாதிருப்பாராக!