அளவுகோலுக்கு ஓர் அளவுகோல்

ஏட்டுச் சுவடிகளைப் பரிசோதித்துப் பதிப்பிப்போர்க்குப் பாடபேதம் தரும் இடர் நன்கு தெரியும். வழக்குக்கு மாறான பாடம் ஒன்று ஏட்டிலே காணப்படின், அஃது ஏடெழுதினோன் பிழையென்று தள்ளிவிட மனம் விரையும். அவ்வாறு தள்ளிய பாடமே பின்னர் மூலபாடமாய் முடிதலும் உண்டு. ஆகலின், வேறு ஏடுகளோடு ஒப்புநோக்குங்காறும் அதனைக் கொள்ளாமலும் தள்ளாமலும் குறித்து வைப்பதே நல்லாசிரியர் வழக்கு. இவ்வழக்கினை வான ஆராய்ச்சியிலே கைக்கொண்டு வாழ்ந்தவர் கோர்டன் டொப்சன் என்னும் ஆங்கில அறிஞர். ஓசோன் வாயுவின் அளவை உலகம் இன்றும் அவர் பெயரிட்ட அலகினாலேயே சொல்லுகின்றது. தமிழாசிரியனாகிய யான் விஞ்ஞானி ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்கு இவ்வொப்புமையே காரணம்.

டொப்சன் 1889ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 25ஆம் நாள், இங்கிலாந்தின் வின்டமியர் ஏரிப் பகுதியிலே மருத்துவர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்திலே இயற்கை விஞ்ஞானம் பயின்று 1910இல் முதல் வகுப்பிலே தேறினார். ஏரிநீர் ஒரு கரையில் உயர்ந்து மறுகரையில் தாழ்ந்து ஊசலாடும் இயல்பைத் தம் ஊர் ஏரியிலேயே ஆராய்ந்தது அவருடைய இளமைக்கால முயற்சி. 1913இல் விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றிலே வானிலை அறிஞராய் அமர்ந்து, உயரே செல்லச் செல்லக் காற்று மாறும் வகையைப் பலூன்களைப் பறக்கவிட்டு அறிந்தார். முதல் உலகப் பெரும்போர் முடிந்தபின், 1920இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திலே வானிலையியல் விரிவுரையாளரானார்.

அங்கே லின்டமன் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து எரிகற்களைப் பற்றி ஆராய்ந்தார். எரிகல் தோன்றும் உயரத்தையும் மறையும் உயரத்தையும் கொண்டு, மேல்வானக் காற்றின் அடர்த்தியையும் வெப்பத்தையும் இருவரும் கணித்தனர். மேல்வளியிலே எவ்வளவு உயரே சென்றாலும் வெப்பநிலை ஏறத்தாழ மாறாதிருக்கும் என்பது அக்காலத்தார் எண்ணம். ஆனால் ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்கு மேலே வெப்பம் மீண்டும் மிகுந்திருத்தல் வேண்டும் என்பதே இவர்கள் 1923இல் வெளியிட்ட முடிபு. அவ்வெப்பத்துக்குக் காரணம், ஞாயிற்றின் கழியூதாக் கதிர்களை ஓசோன் உறிஞ்சுதலே என்று உய்த்துணர்ந்த டொப்சன், அவ்வாயுவை அளந்தறியத் துணிந்தார்.

ஓசோன் என்பது ஒட்சிசன் அணு மூன்று கூடிய வாயு. படைமண்டலம் எனப்படும் மேல்வளியிலே அது மிகுதியாக உண்டு. எனினும், தலைக்கு மேலுள்ள ஓசோன் முழுவதையும் நிலமட்டத்து அழுத்தத்திற் கொணர்ந்து பரப்பினால் அதன் கனம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றரே. இம்மெல்லிய போர்வை இல்லையாயின் ஞாயிற்றின் கொடுங்கதிர் பயிரையும் உயிரையும் வாட்டும்; கண்ணும் தோலும் நோயுறும்.

எட்டாத உயரத்து வாயுவை நிலத்தில் நின்று அளப்பது எங்ஙனம்? டொப்சன் கண்ட வழி எளிது. கழியூதா ஒளியிலே அண்மை அண்மையான இரண்டு அலைநீளங்களைத் தெரிந்துகொண்டார். ஒன்றை ஓசோன் பெரிதும் உறிஞ்சும். மற்றையதைச் சிறிதே உறிஞ்சும். நிலத்தை வந்தடையும் அவ்விரண்டின் விகிதத்தைக் கண்டால், இடையிலே ஒளியை விழுங்கிய ஓசோனின் அளவு புலனாகும். ஒக்ஸ்போட்டை அடுத்த போர்ஸ் குன்றிலே, தம் இல்லத்து வேலைக்கூடத்திற் கருவியைத் தம் கையாலேயே அமைத்து, 1924இல் அளக்கத் தொடங்கினார்.

ஓர் ஊரில் அளந்தது ஓர் ஏட்டைப் படித்தது போன்றதே என்பதை அவர் அறிந்திருந்தார். ஆதலால் மேலும் ஐந்து கருவிகள் செய்து, அயர்லாந்து, செற்லாந்துத் தீவுகள், சுவீடன், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து ஆகிய இடங்களுக்கு அனுப்பினார். அங்கு எடுத்த ஒளிப்படத் தகடுகள் ஒக்ஸ்போட்டுக்கு வந்தன; அவற்றைக் கழுவிக் கணிக்கும் பணியும் அங்கேயே நடந்தது. 1928இலும் அதனையடுத்தும் அக்கருவிகள் கலிபோர்னியா, எகிப்து, நியூசிலாந்து என உலகெங்கும் சென்றன. அவற்றுள் ஒன்று தமிழகத்துக் கொடைக்கானல் மலைக்கு வந்தது. வெப்ப வலயத்திலே ஓசோன் குறைவு என்பதும், உயர் அகலக்கோடுகளிலே இளவேனிலில் மிகுந்து இலையுதிர் காலத்திற் குறையும் என்பதும் இம்முயற்சியால் வெளிப்பட்ட உண்மைகள்.

பின்னர் ஒளிப்படத் தகட்டை நீக்கி ஒளிமின்கலத்தால் அளக்கும் கருவியை ஆக்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட டொப்சன் கருவிகள் உலகிற் பரவின. நிலமட்டத்து அழுத்தத்தில் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு கனமுள்ள ஓசோன் டொப்சன் அலகு எனப் பெயர் பெற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே புறூவர் என்பாரோடு சேர்ந்து, படைமண்டலக் காற்று மிக வறண்டது என்பதையும் கண்டார். வெப்ப வலயத்தில் மேலெழுந்து துருவங்களை நோக்கிச் சென்று இறங்கும் மேல்வளி ஓட்டம் இவ்விருவர் பெயரால் இன்று வழங்குகின்றது.

1956இலே அந்தாட்டிக்கின் ஹலி விரிகுடாவில் அளந்த செய்திகள் தந்தி மூலம் அவருக்கு வந்தன. செப்டெம்பர், ஒக்டோபர் மாத அளவுகள் வடதுருவப் பகுதியைக் கொண்டு எதிர்பார்த்ததிலும் ஏறத்தாழ 150 அலகு குறைந்திருந்தன. கருவி கெட்டதோ, அளந்தவர் தவறினரோ என்று அவர் ஐயுற்றார். நவம்பரிலே அளவு திடீரென உயர்ந்தது. ஐயுற்றாரேனும் அவர் அவ்வெண்களை அழிக்கவில்லை. மறு ஆண்டு வருங்காறும் பொறுத்திருந்தார். மறு ஆண்டும் அவ்வாறே நிகழ்ந்தபோது, தென்துருவ வானத்தின் இயற்கையே அது என்று தெளிந்தார். விந்தையான பாடம் மூலபாடமாயிற்று.

முதுமையிலும் அவர் ஓசோன் அளப்பதை விடவில்லை. 1976 மார்ச்சில் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன்வரை அளந்துவந்தார். அதற்கிடையில் செய்மதிகள் அப்பணியிற் புகுந்துவிட்டன. 1970இல் நிம்பஸ் 4 செய்மதியும், 1978இல் நிம்பஸ் 7 செய்மதியும் வளிமண்டலம் மேல்நோக்கிச் சிதறும் கழியூதா ஒளியைக் கொண்டு ஓசோனை அளந்தன. பல அலைநீளங்களை ஒப்பிடும் டொப்சனின் வழியே அங்கும் பயன்பட்டது.

1985இலே, ஹலியில் ஒக்டோபர் மாத ஓசோன் முன்னைய 300 அலகளவிலிருந்து 200 அளவுக்கு வீழ்ந்தமையைப் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் மூவர் வெளியிட்டனர். அவர்கள் நம்பியிருந்தது டொப்சன் கருவியையே. செய்மதியும் அவ்வீழ்ச்சியைக் கண்டிருந்தது; ஆயின் 180 அலகுக்குக் கீழ்ப்பட்ட அளவுகளை ஐயத்துக்குரியன என்று கணிப்பொறி குறியிட்டிருந்தது. நல்வினையாக அவ்வளவுகள் அழிபடவில்லை. மீண்டும் ஆராய்ந்தபோது, அந்தாட்டிக் வானம் முழுவதும் பரந்த பெரும் ஓட்டையைச் செய்மதியே உலகுக்குக் காட்டிற்று.

துலாக்கோல் தன்னைத்தான் நிறுத்துக்கொள்வதில்லை. செய்மதி ஞாயிற்றொளியை ஒப்பிடுவதற்கு வைத்திருந்த தகடு விண்வெளியிலே நாளடைவில் மங்கியது. அதனால் ஓசோன் உண்மையிலும் மிகுதியாகக் குறைவதுபோலத் தோன்றிற்று. 1988இல் அறிஞர் குழு ஒன்று நிலத்திலுள்ள டொப்சன் கருவிகளின் அளவுகளோடு ஒப்பிட்டு அப்பிழையைத் திருத்திற்று. மனையிலே பிறந்த கருவி விண்ணிலே திரியும் கருவிக்கு உரைகல்லாயிற்று.

அதன்பின் 1991இலும் 2004இலும் ஏவப்பட்ட செய்மதிகள் ஓசோனோடு அமையாமல், அதனை அழிக்கும் குளோரீன் சேர்வைகளையும் படைமண்டலத்தில் அளந்தன. குளிரூட்டிகளிலும் தெளிகலன்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் வாயுக்களே அக்குளோரீனுக்கு மூலம். அவற்றைக் கட்டுப்படுத்த 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. அந்தாட்டிக் ஓசோன் ஏறத்தாழ 2066இல் 1980ஆம் ஆண்டு நிலைக்கு மீளும் என்று 2022இன் உலக மதிப்பீடு கூறுகின்றது.

டொப்சன் ஓசோன் ஓட்டையைக் காணவில்லை. அதனைத் தேடி அளந்தவருமல்லர். நாள்தோறும் பிழையற அளந்து எழுதி வைத்தமையால், ஆபத்து வந்தபோது ஒப்புநோக்குவதற்கு உலகுக்கு ஓர் ஏடு இருந்தது. பயன் உடனே தெரியவில்லை என்று சலிக்கும் மாணாக்கருக்கும், ஒரே பாடத்தை ஆண்டுதோறும் நடத்தும் ஆசிரியருக்கும் இவர் வாழ்வினும் சிறந்த சான்று வேறு வேண்டுவதில்லை.