ஹெலன் கெல்லர் கேட்ட உரிமை

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

சென்ற ஆண்டு நம் பள்ளி விழாவில் ஹெலன் கெல்லர் நாடகம் நடந்தது தோழியருக்கு நினைவிருக்கும். அடிகுழாயில் தண்ணீர் கொட்டும். ஆன் சல்லிவன் ஆசிரியை சிறுமியின் உள்ளங்கையில் விரலால் எழுத்துக்களைக் காட்டுவார். சிறுமி துள்ளிக் குதிப்பாள். திரை விழும். எல்லோரும் கைதட்டினோம். (சிறுமியாக நடித்தவள் உண்மையாகவே நனைந்து மறுநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.) ஆனால் அந்த அடிகுழாய் நாளில் ஹெலனுக்கு ஏழு வயதுகூட நிறையவில்லை. அவர் வாழ்ந்ததோ ஏறக்குறைய 88 ஆண்டுகள். மீதி ஆண்டுகளில் என்ன செய்தார் என்று அறியும் ஆவலில் நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

கதையை ஹெலனிடம் தொடங்காமல் அவருடைய ஆசிரியையிடம் தொடங்குவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆன் சல்லிவன் அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் ஏழைக் குடும்பத்தில் 1866-ல் பிறந்தவர். கண்நோயால் பார்வை மங்கிப் போயிற்று. தாய் இறந்தார், தந்தை கைவிட்டார். 1876-ல் ஆனையும் அவருடைய தம்பி ஜிம்மியையும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டூக்ஸ்பரி என்ற ஊரில் அரசு நடத்திய ஏழையர் விடுதியில் சேர்த்தார்கள். நோயாளிகள், முதியோர், மனநிலை குன்றியோர் எல்லோரும் ஒன்றாகக் கிடந்த இடம் அது. சில மாதங்களில் தம்பி அங்கேயே இறந்துபோனான். சிறுமி நான்கு ஆண்டுகள் அங்கே இருந்தாள். 1880-ல் மாநில அரசின் தரும வாரியத்தார் விடுதியைப் பார்வையிட வந்தபோது, பார்வை தெரியாத அந்தப் பெண் அவர்கள் நடுவே ஓடி, தனக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று கதறினாள். அவ்வாண்டு அக்டோபரில் பாஸ்டன் நகரின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் அவளைச் சேர்த்தார்கள். அந்த அதிகாரிகள் காதில் போட்டுக்கொள்ளாமல் போயிருந்தால் ஹெலன் கெல்லர் என்ற பெயரே நமக்குத் தெரிந்திராது.

அதே 1880-ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று, தெற்கே அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்ற ஊரில் ஹெலன் பிறந்தார். பத்தொன்பதாம் மாதத்தில் வந்த காய்ச்சல் கண்ணையும் காதையும் பறித்தது. 1887 மார்ச் 3-ல் ஆன் ஆசிரியையாக வந்தார். அடிகுழாய்க் கதையை நாம் அறிவோம். 1904-ல் ராட்கிளிஃப் கல்லூரியில் ஹெலன் பி.ஏ. பட்டம் பெற்றார். பார்வையும் செவியும் இல்லாமல் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

இனிமேல்தான் நாடகத்தில் வராத பகுதி. 1906-ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் அவரைப் பார்வையற்றோருக்கான மாநில ஆணையத்தில் உறுப்பினராக்கினார். அங்கே ஹெலன் அறிந்துகொண்டது ஒன்று. பார்வையிழப்பு எல்லாம் விதி அன்று; பல இடங்களில் வறுமையும், பாதுகாப்பில்லாத தொழிற்சாலையும், அறியாமையுமே காரணம். பிறக்கும்போது தாயின் நோய் தொற்றிக் குழந்தைகள் பலர் கண்ணை இழந்தனர். பிறந்தவுடன் வெள்ளி நைட்ரேட் மருந்தைக் கண்ணில் சொட்டுவிட்டால் போதும் என்பது ஐரோப்பிய மருத்துவர்களுக்கு 1880-களிலேயே தெரியும். எனினும் அந்நோயின் பெயரைச் சொல்லவே நாணி எல்லோரும் வாய்மூடி இருந்தார்கள். ஹெலன் 1907-ல் ஒரு பெண்கள் பத்திரிகையில் அதைத் துணிந்து எழுதினார். பின்னர் பல மாநிலங்கள் அம்மருந்தைக் கட்டாயமாக்கின.

1909-ல் அவர் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அதுவரை அவரை அதிசயப் பெண் என்று புகழ்ந்த சில பத்திரிகைகள், கண் தெரியாதவருக்கு உலகம் எப்படித் தெரியும் என்கிற பாணியில் எழுதத் தொடங்கின. அவருடைய கட்சியை ஏற்காதவர்களும் இது நியாயம் என்று சொல்லமாட்டார்கள்.

வருமானத்துக்காக 1920 முதல் சில ஆண்டுகள் ஆனும் ஹெலனும் கேளிக்கை மேடைகளில் நிகழ்ச்சி நடத்தினார்கள். உலகப் புகழ் பெற்றவருக்கே இந்த நிலை என்றால் மற்றப் பார்வையற்றோர் என்ன செய்திருப்பார்கள்? 1924 முதல் அமெரிக்கப் பார்வையற்றோர் அறநிறுவனத்துக்காக ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். நானும் ஒரு முறை உண்டியல் ஏந்திப் பார்வையற்றோர் பள்ளிக்காகக் கடைத்தெருவில் நின்றிருக்கிறேன். அன்று பெருமையாக இருந்தது. உண்டியல் நிறைந்தால் அடுத்த மாதச் செலவுக்கு ஆகும். அதற்கு அடுத்த மாதம்? இந்தக் கேள்வி அன்று எனக்கு எழவேயில்லை. ஹெலன் அதைத்தான் அரசாங்கத்திடம் கொண்டுபோனார்.

பிரெய்ல் நூல்கள் கனமானவை, விலை மிகுந்தவை. ஒருவர் சொந்தமாக வாங்குவது அரிது. 1930-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஹெலன் சாட்சியம் அளித்து, நாட்டரசே நூல்களை அச்சிட்டு இரவல் தர வேண்டும் என்று வேண்டினார். 1931 மார்ச் 3-ல் சட்டம் கையெழுத்தானது. ஆண்டுக்கு ஒரு இலட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. ஆனால் அது பெரியவர்களுக்கு மட்டும்! குழந்தைகளைச் சேர்க்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

1935-ல் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஏழைப் பார்வையற்றோருக்கு மாநிலங்கள் உதவிப்பணம் கொடுத்தால் மத்திய அரசு செலவில் பங்கேற்கும் என்ற பிரிவு அதில் இடம்பெற ஹெலனும் பாடுபட்டார். மறு ஆண்டில் அரசுக் கட்டடங்களில் பார்வையற்றோர் சிறு கடை நடத்த இடமளிக்கும் சட்டம் வந்தது. பிற ஊனமுற்றோருக்கு உதவிப்பணம் 1950-ல்தான் வந்தது. 1944-ல் மீண்டும் நாடாளுமன்றக் குழுவின் முன் சென்ற ஹெலன், கறுப்பினத்துப் பார்வையற்றோரும், கண் காது இரண்டும் இழந்தோரும் எல்லோரையும்விடக் கைவிடப்பட்டவர்கள் என்று எடுத்துரைத்தார். அடிமை முறை நிலவிய தெற்கில் பிறந்தவர் இதைச் சொன்னது சிறிய காரியமன்று.

1948-ல் ஜப்பானுக்குச் சென்றார். ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் கண்டார். அவர் வரவு எழுப்பிய உணர்வும் சேர்ந்து, 1949-ல் ஜப்பானிய அரசு உடல் ஊனமுற்றோர் நல்வாழ்வுச் சட்டத்தை இயற்றிற்று. 1955-ல் இந்தியாவுக்கும் வந்தார். தில்லியில் பிரதமர் நேருவின் முகத்தைக் கையால் தடவி அறிந்தார். அப்போது அவருக்கு வயது 74.

1961-ல் நோயுற்றபின் அவர் பொது வாழ்விலிருந்து ஒதுங்கினார். 1968 ஜூன் 1 அன்று உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அவருடைய சாம்பலை வாஷிங்டன் பேராலயத்தில், 1936-ல் மறைந்த ஆன் சல்லிவனின் சாம்பலுக்கு அருகில் வைத்தார்கள். டூக்ஸ்பரி விடுதியில் பள்ளிக்கூடம் கேட்டு அழுத அதே ஆன்தான். அங்குள்ள பலகையில் இருவர் பெயரும் பிரெய்ல் எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளன.