உறைபனியில் காத்திருந்த உயிர்

பிள்ளை இல்லாத வீட்டின் அமைதி எத்தகையது என்பதைச் செட்டிநாட்டார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. எங்கள் பள்ளத்தூரில் நாலு பேர் கூடிப் பேசினால், இன்னார் இன்ன வீட்டுக்குப் பிள்ளை வந்தவர் என்ற பேச்சு எப்படியும் வந்துவிடும். நகரத்தார் குடும்பங்களில் பெரும்பாலும் தம் கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்தே பிள்ளை கூட்டிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். குலவிளக்கு அணையாமல் இருக்கச் சமூகம் கண்ட வழி அது. அதே துயருக்கு அறிவியல் வழியில் விடை கண்டு, அந்த விடைக்காகவே வருந்தி மாண்ட ஒருவரைப் பற்றி எழுத விரும்புகிறேன். அவர்தாம் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய்.

விலங்கியல் மாணவர்கள் அனைவரும் கோழிக்கருவை அறிவோம். 24 மணி, 48 மணி, 72 மணி எனக் கண்ணாடித் துண்டுகளில் அது வரிசையாக நமக்குக் காட்டப்படுகிறது. தவளையின் முட்டையோ நீரிலேயே, நம் கண்ணெதிரிலேயே இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிளவுபடும். ஆனால் பாலூட்டிகளின் கரு அப்படியன்று. அது தாயின் உடலுக்குள் ஒளிந்து வளர்கிறது. அதனை வெளியே எடுத்து வளர்க்கவும், மீண்டும் உள்ளே வைக்கவும் கற்ற பின்னரே மனிதக் கருவின் முதல் நாட்களை மனிதன் கண்டான். முயலிலும் எலியிலும் தொடங்கிய அந்தக் கல்வி, மனிதரிடம் பலித்த ஆண்டு 1978.

சுபாஷ் 16-1-1931 அன்று ஹசாரிபாக்கில் பிறந்தார். கல்கத்தாவில் உடலியலும் பின்னர் மருத்துவமும் பயின்றார். 1958-இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அதனோடு நிறைவடையாமல் எடின்பரோ சென்று, லொரைன் என்னும் பேராசிரியரிடம் ஹார்மோன்களை ஆராய்ந்து, 1967-இல் இரண்டாவது டாக்டர் பட்டத்துடன் திரும்பினார். அயல்நாட்டிலேயே தங்கியிருந்தால் வசதியான ஆய்வுக்கூடம் கிடைத்திருக்கும். அவரோ தாய்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியப் பணியை ஏற்றார்.

கருக்குழாய் பழுதுற்றதால் தாய்மை அடைய இயலாத ஒரு பெண்மணி அவரை நாடி வந்தார். சுபாஷ், உறைபனி இயல் அறிந்த சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ்காந்தி பட்டாச்சார்யா ஆகிய மூவரும் ஒன்று சேர்ந்தனர். முதலில் ஹார்மோன் ஊசிகளால் சினைப்பையைத் தூண்டி, ஒன்றுக்கு மேற்பட்ட முட்டைகளை முதிரச் செய்தனர். அவற்றை யோனி வழியாக எடுத்து, உடலுக்கு வெளியே விந்தணுவுடன் சேர்த்துக் கருவுறச் செய்தனர். பின்னர் நிகழ்ந்ததுதான் அனைத்தினும் புதுமை. கருவை உடனே தாயின் வயிற்றில் வைக்கவில்லை. 53 நாட்கள் உறைநிலையில் காத்து, பிந்திய ஒரு மாதச் சுழற்சியில் கருப்பை தயாரான வேளையில் வைத்தனர்.

இதன் அருமையை உணரச் சிறிது விளக்கம் வேண்டும். உயிரணுவில் பெரும்பகுதி நீர். அதனை அப்படியே குளிரவிட்டால் உள்ளே பனிப் படிகங்கள் தோன்றி, ஊசிபோல் அணுவைக் கிழித்துவிடும். ஆதலின் டைமெத்தில் சல்பாக்சைடு போன்ற காப்புப் பொருளை முதலில் ஊறவைத்து, அதன் பிறகே குளிர்விக்க வேண்டும். எலிக் கருவை இவ்வாறு உறையவைத்து உயிருள்ள குட்டிகளைப் பெற்றது 1972-இல்தான். ஆறே ஆண்டுகளில் அதனை மனிதக் கருவில் செய்து பார்த்தவர் நம் நாட்டவர். உறைந்த கருவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குழந்தை பிறந்தது 1984-இல்!

இங்கிலாந்தில் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் முயன்று பெற்ற லூயிஸ் பிரவுன் 25-7-1978 அன்று பிறந்தாள். சரியாக 70 நாட்கள் கழித்து, 3-10-1978 அன்று, கல்கத்தாவில் ஒரு பெண் மகவு பிறந்தது. துர்க்கை எனப் பெயரிட்டு அழைத்தனர்.

உலகம் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது என்ன? பெற்றோர் ஊராரின் பேச்சுக்கு அஞ்சி விளம்பரத்தை விரும்பவில்லை. சான்றுகளை முழுமையாக வெளியிட வழியில்லாமல் சுபாஷ் தவித்தார். அவ்வாண்டு நவம்பரில் மேற்கு வங்க அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதற்குத் தலைமையேற்றவர் ஒரு கதிர்வீச்சு இயற்பியலாளர்! குழு அவர் கூற்றை நம்பத் தகாதது என ஒதுக்கியது. ஜப்பானுக்குச் சென்று தம் ஆய்வை விளக்க அழைப்பு வந்தபோது அனுமதி மறுக்கப்பட்டது. இறுதியில், 1981 ஜூன் மாதம், இனப்பெருக்க இயலுக்கும் கருவுக்கும் தொடர்பே இல்லாத கண் மருத்துவ நிலையத்துக்கு அவரை மாற்றினர். ஏற்கெனவே இதய நோயுற்றிருந்த அந்த மனிதர், 19-6-1981 அன்று தம் இன்னுயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 50.

அந்த முடிவை நான் போற்றவில்லை. இன்னும் பதினாறு ஆண்டுகள் பொறுத்திருந்தால் அவர் தம் வெற்றியைத் தம் கண்ணாலேயே கண்டிருப்பார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

அந்த வெற்றியைத் தேடித் தந்தவர் யார்? அவருடைய போட்டியாளர் என்று சொல்லத்தக்க ஒருவர். டாக்டர் ஆனந்த குமார் பம்பாயில் நடத்திய ஆய்வின் பயனாக, 6-8-1986 அன்று ஹர்ஷா என்னும் குழந்தை பிறந்தது. நாட்டின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று அதுவே பதிவாயிற்று. அதே ஆனந்த குமார் 1997-இல் கல்கத்தா சென்றபோது, சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகள் அவரிடம் அளிக்கப்பட்டன. அவற்றைப் படித்தார், துர்க்கையின் பெற்றோரையும் கண்டார், உண்மை தெளிந்தார். முதல்வர் என்ற பெருமை தமக்குரியதன்று, சுபாஷுக்கே உரியது என்று 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதி உலகறியச் செய்தார். தம் தலையில் சூட்டிய மகுடத்தைத் தாமே கழற்றி, இறந்துபோன ஒருவர் தலையில் வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அறிவியலின் அறம் இதுவே என்றால் மிகையாகாது.

எட்வர்ட்ஸ் 2010-இல் நோபல் பரிசு பெற்றார். சுபாஷுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆயினும் சினைப்பையைத் தூண்டுதல், யோனி வழியாக முட்டை எடுத்தல், கருவை உறையவைத்து வேறொரு மாதத்தில் வைத்தல் ஆகிய மூன்றும் இன்று குழந்தைப்பேறு மருத்துவமனைகள் எங்கும் அன்றாடம் நிகழ்கின்றன.

நம் பகுதிக்கு இதில் ஒரு பாடம் உண்டு. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். நிலமும் பணமும் இருந்தால் கட்டடம் எழும். ஆய்வாளன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, அந்தத் துறை அறிந்தவரைக் கொண்டு சோதித்து, அதன் பிறகே தீர்ப்புக் கூறும் மனமும் இருந்தால்தான் அந்தக் கட்டடத்தில் அறிவியல் வளரும். கல்கத்தாவில் இல்லாமற் போனது அந்த மனந்தான்.

தோழர்களே, சுபாஷை மீட்டது சிலையுமன்று, விழாவுமன்று. நாள்தோறும் அவர் எழுதிவைத்த குறிப்பேடுகளே. நாம் ஏனோதானோ என்று எழுதி, கையொப்பத்துக்காக நீட்டும் ஆய்வுக்கூடப் பதிவேட்டை இனியேனும் சற்று மதிப்போடு எழுதுவோம். பேச நாவில்லாத நாளில் நமக்காகப் பேசுவது அதுவே.