கூடிப் பாடக் கற்பித்தவர்: எம்.பி. சீனிவாசன்

தனித்துப் பாடும் பெரும்பாடகர்களைப் போற்றும் நாடு நம் நாடு. கூடிப் பாடுதலும் நமக்குப் புதிதன்று. மார்கழி விடியலில் தெருவலம் வரும் பஜனை, முளைப்பாரி சுற்றிக் கொட்டும் கும்மி, நாற்று நடுவோர் பாடும் நடவுப்பாட்டு ஆகியன யாவும் பலர் குரலில் எழுந்தவையே. எனினும் அவற்றில் எல்லோரும் பாடுவது ஒரே மெட்டு. ஒருவர் முன்பாட மற்றவர் பின்பாடுவர். பல குரல்கள் வெவ்வேறு இசைக்கோடுகளில் ஒரே நேரத்தில் நடந்து, ஒரே பாடலாக நிறைவுறும் முறைக்குச் சேர்ந்திசை என்று பெயர். அதனைத் தமிழ்ப் பாடல்களுக்கும் பிற இந்திய மொழிப் பாடல்களுக்கும் உரியதாக்க உழைத்தவருள் தலையாயவர் எம்.பி. சீனிவாசன்.

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925ஆம் ஆண்டு செப்டம்பர் 19ஆம் நாள் சித்தூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். மாணவப் பருவத்திலேயே இடதுசாரி இயக்கம் அவரை ஈர்த்தது. பின்னர் தில்லியில் பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலனின் செயலாளராகப் பணிபுரிந்தார். அவர் கைப்பிடித்த ஸாஹிதா, சைஃபுத்தீன் கிச்லுவின் மகளாவார். 1919இல் அமிர்தசரசில் கிச்லுவும் சத்யபாலும் கைதானதை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியே ஜாலியன்வாலாபாக் படுகொலைக்கு முன்நிகழ்வாய் அமைந்தது என்பதை வரலாறு அறிந்தோர் அறிவர். மதமும் மொழியும் வேறான இருவர் இணைந்த அவ்வில்லறம், பின்னாளில் அவர் இசையில் செய்யவிருந்ததற்கு ஒரு முன்னுரை போலும்.

சென்னைக்குத் திரும்பிய அவர் திரையிசையில் புகுந்தார். நிமாய் கோஷ் இயக்கத்தில் 1960இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' அவருக்குப் பெயர் ஈட்டித் தந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், கே.சி.எஸ். அருணாசலம், ஜெயகாந்தன் ஆகிய மூவரும் அப்படத்திற்குப் பாடல் எழுதினர். பட்டுக்கோட்டையார் 1959 அக்டோபரிலேயே மறைந்துவிட்டமையால் படத்தைக் காண அவர் இல்லை. படம் பொருளீட்டவில்லை, பாடல்களோ இன்றளவும் நிலைத்துள்ளன. கவிதையை இசைக்குள் அமிழ்த்தாமல், இசையின் மேல் மிதக்க விடும் அவருடைய இயல்பு அப்போதே வெளிப்பட்டது.

மலையாளத் திரையுலகம் அவரை மிகுதியாகப் பயன்படுத்திக்கொண்டது. 1961 நவம்பர் 14ஆம் நாள் 'கால்பாடுகள்' படத்திற்காக, சாதி மத வேற்றுமையை மறுக்கும் நாராயண குருவின் அடிகளை ஓர் இளைஞரைப் பாடவைத்துப் பதிவு செய்தார். அந்த இளைஞரே கே.ஜே. யேசுதாஸ். அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' (1972), 'எலிப்பத்தாயம்' (1981) ஆகியவற்றுக்கும் இசையமைத்தார். ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை' படத்தில் கழுதைக் குட்டியிடம் பரிவு கொண்ட பேராசிரியராக நடித்தவரும் அவரே. திரைப்பட இசைக்கருவி கலைஞர்களின் உழைப்புக்கு உரிய ஊதியமும் மதிப்பும் கிடைக்க வேண்டுமெனச் சங்கம் அமைத்ததிலும் முன்னின்றார். ஒருவர் பெயர் விளங்கப் பலர் பெயர் மறைவதை அவர் உள்ளம் ஒப்பவில்லை.

அந்த உள்ளமே 1970களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவாக உருக்கொண்டது எனலாம். மெட்ராஸ் யூத் கொயர் என மக்கள் அறிந்த குழு அது. அலுவலகம் செல்வோரும் கல்லூரி மாணவரும் அதில் பாடினர். முறையாக இசை பயிலாதவர்க்கும் அங்கு இடமிருந்தது. வானொலி வழியாகவும் மேடை வழியாகவும் பல இந்திய மொழிப் பாடல்களை அவர்கள் குரலில் நாடு கேட்டது. நம் இராகங்களின் அடித்தளத்தை விடாமல், மேலை நாட்டுப் பல்குரல் ஒத்திசைவை அவற்றோடு இணைத்தது அவருடைய தனிச்சிறப்பு.

சேர்ந்திசைப் பயிற்சி எத்தகையது என்பதைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம். பெண்குரல், ஆண்குரல் இரண்டிலும் உச்சம் எட்டுவோர், கீழ்ச்சுருதியில் நிற்போர் எனப் பிரித்து அமர்த்த வேண்டும். ஒவ்வொரு பிரிவும் தன் இசைக்கோட்டைத் தனியே கற்கும். பிறகு இரு பிரிவினர் கூடுவர். அதன்பின் அனைவரும் கூடுவர். இடர் தொடங்குவது இங்கேதான். பக்கத்துக் குரல் தன் மெட்டினின்று வேறாக ஒலிக்கும்போது, ஒருவர் அதனோடு வழுக்கிச் செல்வார். மற்றொருவர் தன் மெட்டைக் காக்க உரக்கக் கத்துவார். இரண்டும் பிழை. அயலார் குரலைக் காதால் கேட்டுக்கொண்டே தன் குரலைக் காக்கப் பழகியவரே சேர்ந்திசைக்கு உரியவர். நடத்துநரின் கையசைவு மூச்செடுக்கும் இடத்தையும் நிறுத்தும் இடத்தையும் காட்டலாம். கேட்கும் செவியைப் பாடுவோர்தாம் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழாசிரியை என்ற முறையில் என்னைப் பெரிதும் ஈர்ப்பது சொல்லைக் காக்கும் அருமை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று இலக்கணம் வகுத்தது. தனித்துப் பாடுபவர் இதில் சிறிது நெகிழ்ந்தாலும் பொருள் தப்பிவிடும். நாற்பது பேர் பாடுகையில் சிலர் நெடிலைக் குறுக்கினால் காலம் கலமாகும். சிலர் ஒற்றை முன்னதாக மூடினால் பாட்டு சிதறிப் பேரொலி மட்டுமே மிஞ்சும். பாரதியின் பாடல்களைச் சேர்ந்திசைக்கு ஆக்கித் தந்த சீனிவாசன், அச்சொற்களை இத்தனை குரல்களின் பொறுப்பில் ஒப்படைத்தார். இலக்கணம் அங்கே நூலறிவாக நில்லாமல், பலர் சேர்ந்து காக்கும் ஒழுக்கமாகிவிடுகிறது.

1988 மார்ச் 9ஆம் நாள், இலட்சத்தீவுக்குச் சென்றிருந்தபோது அவர் காலமானார். அகவை அறுபத்திரண்டு. குழு அவரோடு மறையவில்லை. அவரிடம் பயின்றோர் அதனைத் தொடர்ந்து நடத்தினர். திருவனந்தபுரத்தில் அவர் பெயராலேயே ஓர் இளைஞர் சேர்ந்திசைக் குழு தோன்றியது. தலைவன் இல்லாதபோதும் பாடத் தெரிந்த குழுவை விட்டுச்செல்வதே ஆசிரியன் ஒருவனுக்கு வாய்க்கும் உயர்ந்த பேறு.

பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில் நம் வட்டத்தின் பொருட்டு ஒன்று சொல்ல விழைகிறேன். தறியோசை ஓயாத வெண்ணந்தூரில், பாவும் ஊடையும் ஒன்றையொன்று விட்டுக் கொடுத்தால்தான் துணி என்பதை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் கவியரங்குகளில், தம் கவிதையைப் படித்து முடித்ததும் கிளம்பிவிடுவோர் உளர். நானும் ஓரிரு முறை அவ்வாறு சென்றவளே. தமிழ்த்தாய் வாழ்த்தினை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்த அரசு, இசைத்தட்டைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றோர் வாயால் பாட வேண்டும் என்றது. நாமோ இன்றும் பெரும்பாலும் ஒலிபெருக்கியை முடுக்கிவிட்டு வாய்மூடி நிற்கிறோம்.

பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்திலேனும் நம் குரலில் அதனைப் பாடுவோம். அதற்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஒரு மணி நேரம் கூடினால் போதும். குரல் நன்றாக இல்லையே என அஞ்சுவோர் முதலில் வருக. அடுத்தவர் குரலைக் கேட்கத் தொடங்கும்போது நம் கவிதையும் சற்றுத் திருந்தக்கூடும். எம்.பி. சீனிவாசனுக்கு நாம் செலுத்தத்தக்க அஞ்சலி அதுவே.