கலங்கல் தந்த மேதை ஜி. டி. நாயுடு

எங்கள் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. காரவள்ளி வழியே கொல்லிமலைக்கு ஏறுபவர்கள் எங்கள் ஊரைக் கடந்துதான் செல்வார்கள். முதலாண்டுத் தேர்வு முடிந்த கோடையில் எங்கள் கிணற்று மோட்டார் கருகிவிட்டது. மூன்று பேஸில் ஒன்று அற்றுப்போக, மற்ற இரண்டில் மின்னோட்டம் மிகுந்து செப்புக் கம்பிச் சுருள் வெந்திருந்தது. காரணத்தை அப்பாவுக்கு விளக்கினேன். இயற்பியல் மாணவன் அல்லவா! ஆனால் அதைக் கழற்ற எனக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட வைண்டிங் கடை அண்ணன் கழற்ற, நான் டார்ச் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே குச்சிக்கிழங்குக் காடு வாடிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான்தான்!

அந்த மோட்டாரின் மேல் கோயம்புத்தூர் என்று பொறித்திருந்தது. அங்கே மோட்டார்த் தொழிலுக்கு வித்திட்டவர் யார் என்று தேடியபோது கிடைத்தவர்தான் ஜி. டி. நாயுடு.

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று அவர் பிறந்தார். பள்ளி அவருக்கு ஒத்துவரவில்லை, இடையிலேயே விட்டுவிட்டார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிள் அந்த இளைஞரை மயக்கியது. மாடு பூட்டாமல் ஒரு வண்டி ஓடுவதாவது! கோவைக்குப் போய் உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்துக் காசு சேர்த்தார். அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் ஊர் சுற்றினாரா? இல்லை. ஆணி ஆணியாகப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டினார்.

1920இல் ஒரே ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழில் தொடங்கினார். 1933க்குள் அவருடைய யு.எம்.எஸ். நிறுவனத்தில் ஏறத்தாழ 280 பேருந்துகள் ஓடின. இந்த வளர்ச்சியைப் பலரும் எழுதிவிட்டார்கள். என்னைக் கவர்ந்தது அதன் பிறகு நடந்தது.

1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின. கமலை இறைத்த கிணறுகளில் பம்பு வைக்கும் ஆசை உழவர்களுக்குப் பிறந்தது. மோட்டாரோ கப்பலில் வரவேண்டிய பொருள்! மெல்லிய எஃகுத் தகடுகளை அடுக்கி, காடிகளில் காப்புத்தாள் இட்டுக் கம்பி சுற்றி, நகக்கனமும் இல்லாத இடைவெளியில் உருளை உரசாமல் சுழல வேண்டும். 1937இல் பீளமேட்டில், தம் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில், டி. பாலசுந்தரத்துடன் சேர்ந்து நாயுடு அதைச் செய்து காட்டினார். இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் என்று அது போற்றப்படுகிறது. பாலசுந்தரம் பின்னர் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1962இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் கூட்டுறவோடு லட்சுமி மெஷின் ஒர்க்ஸும் தோன்ற, நூற்பு இயந்திரங்களையே செய்யும் ஊராகக் கோவை ஆயிற்று.

பள்ளியை விட்டவர் 1945இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி அமையக் காரணமாகி, அதன் முதல்வராகவும் இருந்தார் என்பது வியப்பு. இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுவே. நான்காண்டுப் படிப்பு மாணவரின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டாண்டே போதும் என்பது அவர் வாதம். அரசு இணங்கவில்லை, பதவியை உதறினார். 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார்.

அந்த வாதத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் மூன்றாண்டும் வீண்தானா? அப்படி நான் ஒப்பமாட்டேன். ஒரு பேஸ் போனால் சுருள் ஏன் வேகிறது என்று வகுப்பில்தான் அறிந்தேன். அண்ணனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆனால் அவர் கை அறிந்தது எனக்குத் தெரியாதே! நாயுடு இரண்டையும் ஒரே மேசையில் வைக்கச் சொன்னார் என்றே எண்ணுகிறேன்.

தீபாவளி விடுமுறையில் வைண்டிங் கடைக்குப் போனேன். அண்ணன் ஒரு சுருளை என்னிடம் தந்தார். பாதியில் சுற்று எண்ணிக்கை தவறிவிட்டது. சிரித்துக்கொண்டே அவிழ்த்து, முதலிலிருந்து சுற்றச் சொன்னார்.