விழுகிறவரை நினைத்த மனிதர்: லெஸ்லி இர்வினும் மாமாவின் தோல் ஜக்கெற்றும்

கடந்த வருடம் லண்டனில் இருந்து வந்த மாமா, சென்னை வழியாகப் பலாலியில் வந்து இறங்கினார். பெட்டிக்குள் சொக்லேற்றும் சவர்க்காரமும் இருக்கும் என்று சுற்றி நின்ற எங்களுக்கு முன்னால் அவர் முதலில் எடுத்து விரித்தது ஒரு பழைய தோல் ஜக்கெற். செம்மறித்தோலால் ஆனது. வெளியே கருமண்ணிறம், உள்ளே தடித்த கம்பளி, காதுவரை மூடக்கூடிய அகன்ற கொலர். யாழ்ப்பாணத்து வெயிலில் அதைத் தொட்டாலே வியர்த்தது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படையினர் அணிந்த இர்வின் ஜக்கெற் அது என்றார்.

அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் விமானம் சம்பந்தப்பட்ட எதுவும் விளையாட்டு விடயம் அல்ல. பொம்பர் இரைச்சல் கேட்டதும் பங்கருக்குள் இறங்கிய தலைமுறை நாங்கள். 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது குண்டு விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது நான் சிறுபிள்ளை. அந்த நாட்களில் பங்கர் வாசலில் நின்று எங்களை ஒவ்வொருவராக உள்ளே இறக்கியவர் இதே மாமாதான். பிறகு லண்டனுக்குப் போனார். அங்கே பழைய போர் விமானிகளின் தோல் ஜக்கெற்றுகளைச் சேகரிக்கத் தொடங்கினார். குண்டுக்குப் பயந்து ஓடிய ஒருவர் குண்டு போட்டவர்களின் உடுப்பைக் காசு கொடுத்து வாங்குவது எப்படி என்று கேட்டேன். அதைத் தைத்த மனிதரைப் பற்றி முதலில் படி, பிறகு கேள் என்றார். படித்தேன்.

லெஸ்லி இர்வின் 1895 செப்டெம்பர் 10ஆம் திகதி அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பலூனில் ஏறி வித்தை காட்டத் தொடங்கியவர். பலூனில் கட்டிய ஊஞ்சலில் தொங்குவது, அங்கிருந்து பரசூட்டில் இறங்குவது, அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த கலிபோர்னியா சினிமாவுக்குச் சாகசக் காட்சிகள் செய்து கொடுப்பது என்று அவருடைய பிழைப்பு ஓடியது. 1914இல் ஒரு படத்துக்காக விமானத்தில் இருந்தும் குதித்தார்.

அதே ஆண்டில் முதலாம் உலகப் போர் தொடங்கியது. அந்தப் போரில் பலூன்களில் நின்று எதிரியை வேவு பார்த்தவர்களுக்குப் பரசூட் இருந்தது. பிரித்தானிய விமானிகளுக்கு இருக்கவில்லை. அன்றைய பரசூட்டுகள் பாரமானவை, விமானத்துக்குள் வைக்க இடம் போதாது என்பது ஒரு காரணம். உயிர் தப்ப வழி கொடுத்தால் விமானி இலகுவில் விமானத்தைக் கைவிட்டுவிடுவான் என்ற எண்ணமும் மேலதிகாரிகளிடம் இருந்ததாகச் சொல்லப்படுகிறது. தீப்பிடித்த விமானத்தோடு எரிவதா, வெறும் கையோடு குதிப்பதா என்ற இரண்டு வழிதான் பலருக்கு மிஞ்சியது.

போர் முடிந்தபின் அமெரிக்க இராணுவம் ஒஹையோ மாநிலத்தின் மக்குக் விமானத் தளத்தில் ஒரு குழுவை அமர்த்தி நல்லதொரு பரசூட்டைத் தேடியது. அதுவரை இருந்த பரசூட்டுகளில் பெரும்பாலானவை விமானத்தோடு இணைத்த கயிறு இழுத்துத்தான் விரிந்தன. விமானம் சுழன்று விழும்போது அந்தக் கயிறே சிக்கி ஆளைக் கொன்றுவிடும். புளொயிட் ஸ்மித் என்பவரும் அவரது கூட்டாளிகளும் வேறொரு வழியை உருவாக்கினார்கள். முதுகில் ஒரு பொதி, கையில் ஒரு பிடி. குதித்தவர் விமானத்தை விட்டு விலகி விழுந்த பிறகு தானே பிடியை இழுக்க வேண்டும். ஆனால் வானத்தில் இருந்து தாராளமாக விழும் மனிதன் பிடியை இழுக்கும் முன்பே மயங்கிவிடுவான், மூச்சு நின்றுவிடும் என்று அந்நாளில் படித்தவர்கள் பலர் நம்பினார்கள். அது பொய் என்று காட்ட யாராவது விழுந்து பார்க்க வேண்டியிருந்தது.

இர்வின் விழுந்தார். 1919 ஏப்ரல் 28ஆம் திகதி ஸ்மித் ஓட்டிய விமானத்தில் இருந்து குதித்து, சிறிது தூரம் விழுந்து, தன் கையாலேயே பிடியை இழுத்தார். பரசூட் விரிந்தது. தரையில் இறங்கும்போது கணுக்கால் எலும்பு முறிந்தது. மனிதன் விழுந்துகொண்டே சிந்திக்கவும் செயற்படவும் முடியும் என்பது அன்று உறுதியானது.

இரண்டு மாதத்துக்குள் பஃபலோ நகரில் அவர் பெயரில் ஒரு பரசூட் கம்பனி பதிவானது. பதிவின்போது நடந்த எழுத்துப் பிழையால் இர்வின் என்ற பெயர் இர்விங் ஆகிவிட்டது. அவர் அதைத் திருத்த ஓடித் திரியவில்லை. 1970இல்தான் கம்பனியின் பெயர் சரிசெய்யப்பட்டது. அடையாள அட்டையில் ஓரெழுத்து மாறினதற்காகக் கச்சேரி வாசலில் நாள்கணக்கில் நின்ற எங்கள் ஆட்களுக்கு இந்தப் பொறுமை வியப்பாக இருக்கும்.

1922இல் அமெரிக்க விமானி ஒருவர் வானிலே உடைந்துபோன விமானத்தில் இருந்து குதித்துப் பரசூட்டால் உயிர் தப்பினார். அந்த ஆண்டில் மயிர்க்கொட்டிச் சங்கம் தொடங்கியது. இர்வின் பரசூட்டால் உயிர் பிழைத்த எவரும் அதில் உறுப்பினர். சந்தா கிடையாது, கூட்டம் கிடையாது. உயிர் தப்பியதை எழுதி அனுப்பினால் தங்கத்தில் செய்த ஒரு சின்ன மயிர்க்கொட்டி ஊசி தபாலில் வரும். அன்று பரசூட் பட்டுத்துணியால் ஆனது. பட்டு நூல் புழுவின் வாயில் இருந்து வருவது. அந்தப் புழுவுக்கான நன்றிக்கடன் அது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் சிறைமுகாம்களில் இருந்துகூட விமானிகள் உறுப்புரிமை கேட்டுக் கடிதம் எழுதினார்கள். போர் முடிந்தபோது ஊசி பெற்றவர்கள் 34,000க்கும் மேல்.

1926இல் இர்வின் இங்கிலாந்தின் லெச்வேர்த் நகரில் தொழிற்சாலை திறந்தார். போரின் உச்சத்தில் அங்கே வாரத்துக்கு ஏறத்தாழ 1,500 பரசூட்டுகள் தயாராகின. மாமா கொண்டுவந்த ஜக்கெற்றும் அவர் வடிவமைத்ததுதான். 1930களின் தொடக்கத்தில் உருவானது. அன்றைய விமானங்களில் உயரே போகப் போகக் குளிர் உறைபனிக்கும் கீழே இறங்கும். விறைத்துப்போன விரலால் பரசூட்டின் பிடியை இழுக்க முடியாது. அவர் செய்த இரண்டு பொருளும் ஒரே வேலையைத்தான் செய்தன: மேலே போனவரை உயிரோடு கீழே கொண்டுவருவது.

சேகரிப்பவர்கள் இந்த ஜக்கெற்றை மருத்துவர் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள். தோல் எத்தனை துண்டாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று எண்ணுவார்கள். தொடக்க காலத்தில் பெரிய துண்டுகள். போர் நீண்டு தோல் தட்டுப்பாடு வந்தபின் சின்னத் துண்டுகளை ஒட்டித் தைத்தார்கள். சிப்பில் இருக்கும் பெயர், கழுத்தின் உள்ளே இருக்கும் விமான அமைச்சின் சீட்டு, நூலின் வகை எல்லாவற்றையும் பார்த்துத்தான் காலத்தைச் சொல்வார்கள்.

ஆனால் சந்தையில் அதிகம் தேடப்படுவது இன்னொரு ஜக்கெற். 1931இல் அமெரிக்க இராணுவம் தன் விமானிகளுக்கு ஏற்றுக்கொண்ட ஏ-2. பெரும்பாலும் குதிரைத்தோல். அதன் முதுகில் விமானிகள் படம் வரைந்துகொண்டார்கள். படையணிக்குள்ளேயே வரையத் தெரிந்த யாராவது ஒருவன் எண்ணெய் வர்ணத்தால் தங்கள் விமானத்தின் பெயர், ஒரு பெண்ணின் உருவம், கார்ட்டூன் பாத்திரம் எதையாவது தீட்டிக் கொடுப்பான். அதன்கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் குண்டுகள். ஒரு குண்டு என்றால் ஒருமுறை போய்க் குண்டு போட்டு உயிரோடு திரும்பியது என்று அர்த்தம். இப்போது போலிகளும் ஏராளம். படமில்லாத உண்மையான பழைய ஜக்கெற்றை வாங்கி அதில் புதிதாக வரைந்து விற்கிறார்கள். தோலின் வெடிப்புகளை வைத்து அதைப் பிடிக்கலாம் என்றார் மாமா. பழைய வர்ணம் தோலோடு சேர்ந்தே வெடித்திருக்கும். புதிய வர்ணம் வெடிப்புக்குள் இறங்கி நிற்கும்.

1943 நவம்பரில் ஓர் அமெரிக்க விமானப்படையினர் ஜேர்மனியரிடம் பிடிபட்டார். அவருடைய ஜக்கெற்றின் முதுகில் தன் விமானத்தின் பெயரை எழுதியிருந்தார். கொலைக் கம்பனி என்று பொருள்படும் மேர்டர் இன்க். முதுகு தெரிய அவரைப் படம் பிடித்து, இவர்கள் தங்கள் வாயாலேயே கொலைகாரர் என்று ஒப்புக்கொள்கிறார்கள் பாருங்கள் என்று நாஜிகள் பத்திரிகையில் பரப்பினார்கள். பகிடிக்கு வைத்த பெயர் அது. கீழே வீடு எரிந்தவர்களுக்கு அது பகிடியாக இருந்திருக்காது.

இந்த இடத்தில்தான் மாமாவிடம் என் கேள்வியை மறுபடி கேட்டேன். குண்டு வரிசை தீட்டிய ஒரு ஜக்கெற் அவரிடமும் இருக்கிறது. எத்தனை குண்டு என்று அவருக்கு மனப்பாடம். அந்த விமானி தான் எத்தனை தரம் போட்டேன் என்பதைத் தன் முதுகிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான், எங்கள் தலைக்குமேல் வந்தவர்களின் முதுகில் அப்படி ஒரு கணக்கு இல்லையே என்றார். அவர் அழகுக்காக வாங்கவில்லை. சாட்சிக்காக வாங்குகிறார். எனக்கு அந்தப் பதில் முழுதாக ஒத்துவரவில்லை. ஜக்கெற்றில் இருப்பது குண்டின் எண்ணிக்கை. அது விழுந்த இடத்தில் இருந்தவர்களின் எண்ணிக்கை எந்தத் தோலிலும் இல்லை.

இந்தக் கதை எங்களுக்குத் தூரத்தில் நடந்ததும் அல்ல. பலாலி விமானத் தளமே பிரித்தானிய விமானப்படை இரண்டாம் உலகப் போருக்காகக் கட்டியது. அன்று காங்கேசன்துறைத் தளம் என்று பெயர். 160ஆம், 203ஆம் ஸ்குவாட்ரன்களின் லிபரேட்டர் விமானங்கள் எங்கள் செம்மண் தோட்டங்களுக்கு மேலாகத்தான் எழும்பி இந்து சமுத்திரத்துக்குப் போயின. 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதலாவது விமானம் இரத்மலானையில் இருந்து சென்னைக்குப் போகும் வழியில் அங்கேதான் இறங்கியது. பிறகு எங்கள் போர் வந்தது. 1990இல் சுற்றியிருந்த ஊர்கள் வெறுமையாகின. 2019இல் சர்வதேச விமான நிலையம் என்ற பெயர்ப்பலகை வந்தது.

மாமா அந்த ஜக்கெற்றை ஊருக்குக் கொண்டுவந்தது எனக்காக அல்ல, அம்மாவுக்காக. 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானப்படையின் ஐந்து அன்ரனோவ் விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்துக்கு மேல் வந்து ஏறத்தாழ 25 தொன் நிவாரணப் பொருட்களைப் பரசூட்டில் போட்டன. விமானத்தைப் பார்த்து ஒளியாமல் சனம் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்த நாள் அது என்று வீட்டில் சொல்வார்கள். யாரோ கொண்டுவந்து கொடுத்த பரசூட் துணியில் ஒரு துண்டை அம்மம்மா பத்திரமாக வைத்திருந்தா. அடுத்த வருடம் நான் பிறந்தபோது அதில்தான் எனக்கு ஏணை கட்டினார்கள். 1990இல் இடம்பெயர்ந்தபோது துணி றங்குப்பெட்டிக்குள் அகப்பட்டுவிட்டது. பல வருடம் கழித்துக் காணி விடுபட்டபோது அங்கே பெட்டியும் இல்லை, வீடும் இல்லை.

இர்வின் 1966 ஒக்டோபர் 9ஆம் திகதி தன் 71ஆவது வயதில் லொஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். அவருடைய பரசூட்டை அணிந்து போனவர்களில் பலர் குண்டு போடப் போனவர்கள் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அவருடைய கணக்குப் புத்தகத்தில் ஏறியது பிழைத்தவர்களின் பெயர்கள். கீழே பிழைத்த எங்களுக்கு அப்படி ஒரு புத்தகத்தை இதுவரை யாரும் திறக்கவில்லை.

மாமா திரும்பிப் போவதற்கு முதல்நாள் இரவு அம்மா அந்த ஜக்கெற்றை மடியில் வைத்து, உள்ளே இருந்த கம்பளியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏணைத் துணி இவ்வளவு சொரசொரப்பு இல்லை, கையில் நிற்காமல் வழுக்கும் என்றார். பிறகு அதன் நிறத்தையும், ஓரத்தில் இருந்த தையலையும், அம்மம்மா அதை எத்தனை மடிப்பாக மடித்து வைத்தா என்பதையும் சொல்லத் தொடங்கினார். நான் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டேன்.